எழுபது பர்சென்ட்

1

1986, மாசி பிறந்த அன்று. சிம்மக்கல்லில் டவுன் பஸ் ஏறிய ஒரு பெண், பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரருக்கு மெட்ராஸ்ல நெஞ்சுல படம் புடிச்சாக. எழுபது பர்சென்டாம்."

"பரவால்லையே. பர்ஸ்ட் கிளாஸ்" என்றாள் மற்றவள்.

நான் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். இந்தக் கதையில் நடந்தது அவ்வளவுதான். மீதி புளுகு.

2

முதல் தொடக்கம்: "தவசியின் இதயம் வைகையைப் போல ஓயாமல்..."

வைகையைப் பார்த்தவர் யாரும் இதை எழுதமாட்டார். நோயாளி முதல் வரியிலேயே செத்திருப்பார்.

இரண்டாம் தொடக்கம்: "டாக்டர் ஹாலாஸ்யம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி..."

கெட்ட செய்தி சொல்லும் டாக்டர்கள் எல்லாக் கதையிலும் கண்ணாடியைத் துடைக்கிறார்கள். இவருக்குக் கண்ணாடி கிடையாது.

(இதயத்தைப் பற்றி ஒரு கதை என்றதும் பத்திரிகை ஆசிரியர் மகிழ்ந்தார். காதலி யார் என்று கேட்டார். ரத்தக்குழாய் என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.)

3

தவசிக்குச் சிம்மக்கல்லில் வெல்ல மண்டி. மார்கழியில் பொங்கல் வியாபாரம் சூடுபிடித்தபோது, மூட்டையில் கை வைத்தாலே நெஞ்சை அடைத்தது. மெட்ராஸில் தொடை வழியாகக் குழாய் விட்டு, மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். எழுபது என்றார்கள். எது எழுபது என்று தவசி கேட்கவில்லை. மார்க் போட்டவரிடம் யார் கேட்கிறார்கள்?

அவர் ஊர் திரும்புவதற்குள் மச்சினன் பேயாண்டி மண்டி முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். வந்தவரிடமும் அதையே சொன்னான்.

"எழுபது ஓடுது மச்சான். முப்பதுதான் மக்கர். நான் பத்தாவதுல வாங்குனதவிட ஜாஸ்தி."

"நீ எம்புட்டு வாங்குன மாப்ள?"

"அத ஏன் இப்பக் கேக்குறீக."

அன்று மதியம் தவசி கறிச்சோறு தின்றார். மனைவி சீனியம்மாள், வேண்டாம் வேண்டாம் என்றவருக்கு இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். இந்தக் கதையில் எல்லோரும் சந்தோஷமாக இருந்த வேளை அது ஒன்றுதான். அதற்குக் காரணம் ஒரு தப்பான கணக்கு என்பதை நீங்கள் கண்டுகொண்டிருப்பீர்கள்.

4

மறுநாள் மூவரும் படத்தோடு உள்ளூர் டாக்டர் ஹாலாஸ்யத்திடம் போனார்கள்.

"எழுபது பர்சென்ட் அடைப்பு" என்றார் அவர்.

தவசிக்கு நேற்றைய கறி நினைவுக்கு வந்தது. பேயாண்டி சுவரிலிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தான்.

"நெஞ்சைத் திறந்து, கால்லேர்ந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து பைபாஸ் போடலாம். இல்லேன்னா மாத்திரையிலேயே ஓட்டலாம்."

"பைபாஸ்னா ரோடு போடுறாகளே, அது மாதிரியா சார்?" என்றான் பேயாண்டி.

"அதே மாதிரிதான்."

(ஊருக்குள் எத்தனை லாரி போகிறது என்று எண்ணாமலே பைபாஸ் போடும் நாடு இது. தவசியின் நெஞ்சுக்கு மட்டும் எண்ண வேண்டும் என்று நான் அடம்பிடிக்கிறேன்.)

"ரெண்டுல எது செய்யணும்?" என்றார் தவசி.

"குழாய் எவ்வளவு குறுகியிருக்குன்னு படம் காட்டும். அது வழியா எவ்வளவு ரத்தம் போறதுன்னு காட்டாது. எழுபது குறுகினா எழுபது குறையும்னு கணக்கு இல்லை. உட்கார்ந்திருக்கறச்சே தாராளமாப் போகலாம். மூட்டை தூக்கறச்சே போதுமான்னு ஓட்டத்தை அளந்தாத்தான் தெரியும். நடக்க வச்சு எடுத்த ஈசிஜியும் ரெண்டுங்கெட்டானா இருக்கு."

"அப்ப அளங்க."

"வெளிநாட்டுல குழாய்க்குள்ளேயே கருவியை விட்டு அளந்து பார்க்கறா. சோதனைதான் இன்னும். இங்கே வரலை."*

* கதையைப் பதினைந்து இருபது வருஷம் தள்ளி வைத்தால் கருவி வந்துவிடும். அளந்து, ஓர் எண்ணைச் சொல்லி, கதையை முடித்துவிடலாம். ஆனால் தவசிக்கு இப்போது வலிக்கிறது.

5

முடிவுகள்.

(அ) திறக்கிறார்கள். பிழைக்கிறார். கத்திக்கு நன்றி.

(ஆ) திறக்கவில்லை. பிழைக்கிறார். மாத்திரைக்கும் மடப்புரத்துக் காளிக்கும் நன்றி.

(இ) திறக்கிறார்கள். "மண்டி அன்று சாத்தியிருந்தது. பேயாண்டி வாசலில்..."

(ஈ) திறக்கவில்லை. மேலே உள்ள அதே வரி. காரணம் மட்டும் வேறு.

நான்கிலும் டாக்டர் செய்தது சரி. சரியா என்று பார்க்கத்தான் வழியில்லை.

6

ஒன்று பாக்கி. பஸ்ஸில் பேசியவள் சீனியம்மாள்தான். அவளை டாக்டர் அறையில் ஊமையாக்கி மூலையில் நிறுத்திவிட்டேன். மனைவிமார் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதால் கதைக்கு வசதி. இவள் அழவில்லை. நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எம்புட்டு அடைச்சிருக்குன்னு சொல்லிட்டீக. எம்புட்டு ஓடுதுன்னு தெரியாதுன்னும் சொல்லிட்டீக. நாங்க என்னதான் செய்ய?"

"நீங்கதான் கலந்து பேசி முடிவு பண்ணணும்" என்றார் ஹாலாஸ்யம்.

"படிச்ச உங்களுக்கே தெரியலை. எங்களுக்குத் தெரிஞ்சிருமா?"

ஹாலாஸ்யம் என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

"சரி, அத விடுங்க. இது ஒங்க வீட்டு மனுசனா இருந்தா, அறுக்கச் சொல்வீகளா, மாட்டீகளா?"