தட்டில் வைத்துக் கொடுங்கள்

“பொன்னாடையைத் தட்டிலேயே வைத்துக் கொடுத்துவிடுங்கள், சார். யாரும் போர்த்த வேண்டாம்” என்று சாலம்மாள் மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

ஐந்தாம் வகுப்பு அறை. தலைமையாசிரியர் நாகசாமி வரவேற்புரைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். இந்த ஊருக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. பல்கலைக்கழகத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பெண்மணி ஒருத்தி எருமப்பட்டிக்குக் கிழக்கே உள்ள இந்த ஊரில் பிறந்தவள் என்று பத்திரிகையில் படித்ததும், ‘மண்ணின் மகளுக்குப் பாராட்டு’ என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். அந்த மகள் எந்தத் தெருவில் பிறந்தாள், எதற்காக ஊரை விட்டுப் போனாள் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். வேடிக்கை பார்க்கிற ஆசை யாரை விட்டது?

“என் சம்சாரம் தட்டை ஏந்துறதா இருந்துதும்மா. காலையிலேருந்து அவளுக்குத் தலைவலி.”

“ஊர்ல இன்னிக்கு எல்லாப் பொம்பளைகளுக்கும் தலைவலி போலிருக்கு, சார்.”

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கூடத்தைப் பார்த்தார். நூறு ஆண்களாவது இருப்பார்கள். பெண் என்று ஒரே ஒருத்தி. முன்வரிசைக் கோடியில், மடக்கு நாற்காலியின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தாள் சாலம்மாளின் தாய் அத்தாயி. அவளை அங்கே உட்காரவைக்கவே காலையில் ஒரு மணி நேரம் மன்றாட வேண்டியிருந்தது.

“போன மாசம் கலெக்டருக்கே போர்த்தினோம். உங்களுக்கு மட்டும் தட்டுல வச்சுக் குடுத்தா மரியாதைக் குறைவா இருக்காதா?”

“எனக்கு அதுதான் மரியாதை” என்றாள்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். வெட்கப்பட அவளுக்கு ஒன்றும் இல்லை. ஊர் நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான மிட்டாதாரின் வீட்டு ஆண் ஒருவர் மேளக்காரத் தெருப் பெண் தோளில் தன் கையால் துணி போர்த்தினால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தாலி கிடையாது, பந்தல் கிடையாது. அன்றிலிருந்து அவள் அவருடையவள், அவ்வளவே. பதினாறு வயதில் அத்தாயிக்குப் பழைய மிட்டாதார் அப்படித்தான் போர்த்தினார். அவருக்குப் பிறந்தவள் சாலம்மாள். தகப்பன் என்று அவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பெரிய வீட்டு வாசலில் அவள் நின்றதெல்லாம் கல்யாணங்களுக்குப் பாட்டுப் பாட. அதுவும் அம்மாவுக்குப் பின்னால், நின்றபடி.

பதினாலு வயதில் அவளுக்கும் நாள் பார்த்தார்கள். பக்கத்து மிட்டாவின் சின்ன எசமான். அரக்குக் கலரில் துணிகூட வந்து இறங்கிவிட்டது. தவில்காரரான மாமா தங்கமுத்து, பனமரத்துப்பட்டிக் கச்சேரிக்குக் கூடப் பாட ஆள் வேண்டும் என்று அவளை அழைத்துப்போய், சேலத்தில் ரயிலேற்றிக் கொண்டுபோய்விட்டார். அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த வசவு ஊர் முழுக்கக் கேட்டதாம். வைதது வேறு யாருமில்லை, அத்தாயிதான். மகளுக்கு வந்த யோகத்தைத் தம்பி கெடுத்துவிட்டான் என்று பன்னிரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. அந்தத் துணிக்குத் தப்பி ஓடியதால்தான் இருபத்தெட்டு வருஷம் கழித்து, இருபத்திரண்டு பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற வகுப்பு சாலம்மாளுக்கு இருக்கிறது. திரும்பி வந்ததும் ஒன்றே ஒன்றுக்காக. இந்த ஊர் ஒரு தடவையாவது அவளை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அதை அம்மா பார்க்க வேண்டும்.

கூடத்துக்குள் நுழைந்தபோது பின்வரிசைப் பேச்சு காதில் விழுந்தது.

“காலேசு வாத்திச்சியாமப்பா.”

“பாட்டுக்குக்கூடக் காலேசா? இனி ஒப்பாரிக்கும் ஒண்ணு வெப்பானுங்க.”

“அத்தாயி மவதானுங்க. மூக்கப் பாரு, அப்படியே பெரிய வூட்டு மூக்கு.”

மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். மிட்டாதார் கந்தப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கும் அதே மூக்குத்தான். பழைய மிட்டாதாரின் மூத்த மகன். கலையின் பெருமை பற்றிப் பத்து நிமிடம் பேசினார். சாலம்மாளின் பேரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார். அடுத்து நாகசாமி எழுந்து தாளைப் பார்த்தார். கலெக்டருக்கு எழுதிய அதே தாள். பேரை மட்டும் மாற்றியிருந்தார்.

“இப்போது நமது மிட்டாதார் அவர்கள், தமது திருக்கரங்களால் பொன்னாடை போர்த்தி அம்மையாரைக் கௌரவிப்பார்கள்.”

பழக்கத்தில் எழுந்துவிட்ட மிட்டாதார் நாகசாமியை ஒரு கணம் வெறித்தார். போர்த்தினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் நூறு பேர் முன்னால் எழுந்துவிட்டுத் திரும்ப உட்காருவது அந்த வீட்டு வழக்கம் இல்லை. தட்டிலிருந்த துணியை எடுத்து உதறினார்.

“அப்பன் ஆத்தாளுக்குப் போத்துனாரு, மவன் மவளுக்குப் போத்தறாரு!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பெஞ்சுகள் சிரிப்பில் ஆடின.

சாலம்மாளுக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை. அப்படிப்பட்ட சிரிப்பில் வளர்ந்தவள்தானே. அவள் பார்த்தது அம்மாவை. அத்தாயி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியிருந்தாள். கண்ணீர் தாரையாக வழிந்தது. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பரீட்சையில் முதலாவதாகத் தேறினேன் என்று எழுதியபோது வராத பூரிப்பு, வேலை கிடைத்தது என்று எழுதியபோது வராத பூரிப்பு. என்ன உறவு, என்ன முறை, எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. பெரிய வீட்டுக் கை கடைசியில் தன் மகள்மேல் படப்போகிறது, அவ்வளவுதான்.

துணி தோளுக்கு ஒரு முழம் இருக்கையில் சாலம்மாள் பின்னால் நகர்ந்து இரு கையையும் நீட்டினாள்.

“கையில குடுங்க, அண்ணா” என்றாள்.

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொல்லப் பழகிய குரல் அது.

பெஞ்சுச் சிரிப்பு நின்றது. மிட்டாதாரின் கை அந்தரத்தில் நின்றது. அந்த மூக்கு இரண்டும் ஒரு முழ இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றதை ஊர் பார்த்தது. துணியைத் தரையில் விட்டுவிட்டு அவர் மேடையை விட்டு இறங்கினார். அவர் எழுந்துபோன இடத்தில் இந்த ஊரில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார்கள்.

“என்னம்மா பண்ணிட்டீங்க? இந்தக் கட்டடத்துக்கு ஓடு போட்டதே அவர்தானே! எனக்கு இனிமே இங்க வேலை இருக்குமா?” என்றார் நாகசாமி.

“மூணு தடவை சொன்னேன், சார்.”

அவரும் தாளை மடித்துக்கொண்டு மிட்டாதாருக்குப் பின்னால் ஓடினார்.

அத்தாயி மேடைக்குக் கீழே வந்து நின்றாள். பூரிப்பு இருந்த இடத்தில் இப்போது கோபம்கூட இல்லை, பயம் இருந்தது.

“ஆரைப் போயி அப்புடிக் கூப்புட்ட? நாளைக்கு அவிய மூஞ்சில நா எப்புடி முழிப்பேன்?”

“நீ எங்கூட வந்துரும்மா.”

“அவிய குடுத்த வூட்டுலதான் இருக்கறேன். அவிய அப்பன் குடுத்தது.” தரையில் கிடந்த துணியைப் பார்த்தாள். “நல்லபடியா ஒரு காரியம் நடக்க இருந்துச்சு. கெடுத்துப்போட்டயே, சாமி.”

சாலம்மாள் மேடை ஓரத்திலிருந்த தம்புராவை எடுத்தாள்.

கூட வந்த மிருதங்கக்காரர் உறையைக் கட்டிக்கொண்டிருந்தார். “கரியில ஓடற பஸ் ஆறு மணிக்குங்க. இப்பவே கெளம்பிரலாங்க. கல்லுக் கில்லு வுழுந்தாலும் வுழும்.”

“நீங்க போங்க. நான் பாட வந்தவ.”

அவர் உறையைக் கையில் பிடித்தபடி, போகவும் இல்லாமல் உட்காரவும் இல்லாமல் நின்றார். சாலம்மாள் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேடை நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து தம்புராவை மடியில் சாய்த்துக்கொண்டாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் ஆண்கள் கும்பலாக நின்று பேசுவது கேட்டது. அவள் கண்ணை மூடி ஆதார சட்ஜத்தைப் பிடித்தாள். அது கூடத்தின் கடைசிச் சுவர் வரை போய்த் தொட்டது.

கண்ணைத் திறந்தபோது அத்தாயி பழைய இடத்துக்குப் போயிருந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. அதற்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, பெரிய வீட்டு வாசலில் நிற்பதுபோல.

பாட்டை நிறுத்தாமலே சாலம்மாள் கையைக் காட்டினாள்: உட்காரும்மா.

அத்தாயி உட்காரவில்லை. காலியான பெஞ்சுகளுக்கு நடுவே நின்றாள். உதடுகள் இறுக மூடியிருந்தன. வலது கை மட்டும் தொடையில் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது, தாளம் ஓர் அடியும் தப்பாமல்.