கடைசி ஆளுக்கு ஓய்வில்லை

எங்கள் சைக்கிள் சங்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மேடு ஏறும்போது முந்திப் போனவர்கள் உச்சியில் நின்று, கடைசி ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். யாரையும் நடுவழியில் விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆறு வருடமாக அந்தக் கடைசி ஆள் நான்தான். நாக்குத் தள்ள நான் உச்சியைத் தொடும்போது, அவர்கள் வாழைப்பழம் தின்று, மழையைப் பற்றிப் பேசி முடித்து, கையுறையும் மாட்டியிருப்பார்கள். "ஹெட்டி வந்துட்டா, போலாம்" என்று யாராவது சொல்ல, ஏழு பேரும் கிளம்பிவிடுவார்கள். ஓய்வே தேவையில்லாதவர்களுக்குப் பத்து நிமிடம். தேவைப்படுகிறவளுக்கு அரை நிமிடம் கூடக் கிடையாது. இதற்குப் பெயர் தோழமை.

போன அக்டோபரில் எங்கள் குழுத் தலைவர் கார்த் காபிக் கடை வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரொம்ப நல்ல மனிதர், அதுதான் பிரச்சினை. கோபப்படவும் முடியாது.

"கண்ணு, சனிக்கிழமை குரூப் ஒண்ணு இருக்குல்ல. கால்வாய் ஓரமா மெதுவாப் போவாங்க. நடுவுல நிறுத்தி கேக் சாப்பிடுவாங்க. உனக்கு அது தோதா இருக்கும்னு தோணுது."

சனிக்கிழமைக்காரர்களை எனக்குத் தெரியும். வாத்து தெரிந்தால் இறங்கி நின்று பார்ப்பவர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் வாரம் முழுக்கப் பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஊர்க்காரர்களின் கடைவாய்ப் பல் புராணம் கேட்கிறவள் நான். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கென்று இருந்தது இந்த ஞாயிற்றுக்கிழமையும் இந்த ஏழு முதுகுகளும்தான். மார்ச் வரை பொறுங்கள் என்றேன். மார்ச் முதல் ஞாயிறு ஹார்ன்சா மேட்டில் என்னால் ஒட்டிக்கொண்டு வர முடியாவிட்டால், நானே வாத்து பார்க்கப் போய்விடுகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

மறுநாளே பழைய டர்போ ஒன்றை வாங்கினேன். இரும்புத் தாங்கிதான். சைக்கிளின் பின் சக்கரத்தை அதில் மாட்டினால், சின்ன உருளை ஒன்று டயரை அழுத்திப் பிடிக்கும். வீட்டுக்குள் இருந்தபடியே எவ்வளவு வேண்டுமானாலும் மிதிக்கலாம். உருளையை டயரோடு சேர்க்க ஒரு திருகு இருந்தது. அதை முடுக்கும் வேலையை என் கணவர் நெவில் எடுத்துக்கொண்டார். முப்பது வருடம் வீடு வீடாகப் போய், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மாட்டிய கை அது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகி, "இனி யானை ஏறி மிதிச்சாலும் வழுக்காது" என்று சொல்லிவிட்டுக் கைதுடைத்தார்.

குளிர்காலம் முழுக்க, வேலை முடிந்து வந்ததும், சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற இடத்திலேயே மிதித்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி உறைந்து கிடக்கும். உள்ளே நான் கையில்லாத பனியனோடு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, வியர்வையில் குளித்துக்கொண்டிருப்பேன். நெவில் கோட்டு போட்டுக்கொண்டு குறுக்கே போய்த் தேநீர் போடுவார்.

பத்திரிகையில் வந்த பயிற்சி அட்டவணை, முதல் மாதம் மணிக்குப் பதினாறு மைல், ஜனவரி முடிவில் இருபது என்றது. என் சைக்கிளின் வேகமானியில் பத்துதான் வந்தது. நவம்பரில் பத்து. டிசம்பரில் பத்து. ஒரு நாள் பத்தரை வந்தபோது இரவுச் சாப்பாட்டில் ஒரு சாஸேஜ் அதிகமாக வைத்துக்கொண்டேன். மறுநாள் மீண்டும் பத்து. சக்கரத்துக்கு அடியில் தினமும் கறுப்புத் தூள் கொட்டிக் கிடக்கும், பெருக்கித் தள்ளுவேன். கிறிஸ்துமஸுக்குள் ஒரு டயரே தேய்ந்து, புதிது மாட்ட வேண்டியதாயிற்று. டர்போ என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் சைக்கிள்மேல் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். நெவில் கோப்பையைக் கீழே வைத்தார்.

"விட்டுரும்மா. சனிக்கிழமை ஆளுங்களும் மனுஷங்கதானே" என்றார்.

ஈரத் துண்டை அவர்மேல் எறிந்தேன். பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கோபத்தில்தான் அடுத்த நாளும் ஏறி உட்கார்ந்தேன், அதற்கடுத்த நாளும்.

மார்ச் முதல் ஞாயிறு நான் கிளம்பியது சொல்லிக்கொண்டு வரத்தான். ஹார்ன்சா அடிவாரத்தில் வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டேன். முதல் வளைவில் எனக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்காகத்தான் எல்லோரும் மெதுவாகப் போகிறார்கள் என்று புரிந்தது. எரிச்சலாக வந்தது. கடைசி நாளில் இந்த இரக்கம் வேறா என்று இரண்டு பேரைத் தாண்டினேன். இன்னும் மூன்று பேர். முன்னால் ஒரு முதுகு ஆடி ஆடி ஏறியது. பக்கத்தில் போனபோது, கொல்லன் துருத்தி மாதிரி இரைச்சல் கேட்டது. அது கார்த். கிறிஸ்துமஸ் பலகாரத்திலும் முழங்கால் வலியிலும் அவருடைய குளிர்காலம் போயிருந்தது. அவர் நடிக்கவில்லை. யாருமே நடிக்கவில்லை. நிஜமாகவே நான்தான் வேகமாக ஏறிக்கொண்டிருந்தேன்.

உச்சியில் எனக்கு முன்னால் ஒரே ஒருத்திதான் நின்றாள், ஃபிரேயா, எங்கள் குழுவில் சின்னவள், சைக்கிள் கடையில் வேலை பார்க்கிறவள். என்ன பண்ணினீங்க என்று கேட்டாள். வெட்கத்தோடு பத்து மைல் கதையைச் சொன்னேன். கறுப்புத் தூளையும் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"உருளை டயர்ல தொட்டப்புறம் எத்தனை சுத்து திருகினீங்க?"

"நெவில்தான் திருகினாரு. அதுக்குமேல திருக முடியாதுங்கற வரைக்கும்."

"தொட்டதும் ஒண்ணரைச் சுத்து போதும், ஹெட்டி. நாலு மாசமா நீங்க பிரேக்கைப் பிடிச்சிக்கிட்டே மிதிச்சிருக்கீங்க."

வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு, ஆறு வருடத்தில் முதல் முறையாக, ஹார்ன்சா உச்சியில் உட்கார்ந்தேன். ஓட்ஸ் கட்டி ஒன்றை முழுசாகச் சாப்பிட்டேன். கீழே பள்ளத்தாக்கு தெரிந்தது. அங்கே இரண்டு நீர்த்தேக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. முழங்கால் வலியில் பின்தங்கிவிட்ட கார்த்தைத் தவிர, ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். என் மனம் பெரிதாகிவிட்டது. கடைசியாக வருகிறவரை ஐந்து நிமிடமாவது உட்காரவைத்து, தண்ணீர் குடிக்கவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், இந்த அநியாயத்துக்கு நானே முடிவு கட்டப்போகிறேன் என்று தீர்மானித்தேன்.

ஆனால் அந்த உச்சியில் காற்று சும்மா விடுவதில்லை. வியர்த்த சட்டை முதலில் குளிர்ந்தது, பிறகு முதுகு, பிறகு பல். எழுந்து நின்று காலை உதறினேன். கையுறையை மாட்டிக்கொண்டேன். இந்த மனுஷன் எங்கேதான் இருக்கிறார் என்று சாலையை எட்டி எட்டிப் பார்த்தேன்.

கடைசியில் கார்த் வந்தார், முகம் பீட்ரூட்டாகி, ஒரு காலை ஊன்றி, ஏதோ சொல்ல வாயெடுத்து, மூச்சில்லாமல். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"வந்துட்டாரு. கிளம்புங்கப்பா, வெறைக்குது" என்றேன்.

எல்லோரும் மிதித்துக் கிளம்பிவிட்டார்கள்.

"அடிப்பாவி" என்று பின்னாலிருந்து கேட்டது. "ஒரு வாய் தண்ணியாவது குடிக்க விடேன்."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்தது. முன்னால் ஒரே ஒரு முதுகு. இறக்கத்தில் அதைத் துரத்திக்கொண்டு போனேன்.