கடைசி வரிசைக்கு ஒரு பெட்டி

அந்தத் தெருவில் எல்லோருமே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான், அவள் கணவனின் தங்கை. அந்த நாத்தனார் ரொட்டிக் கடை வாசலில் நின்று நாள் தவறாமல் "அண்ணி, அண்ணி" என்று குரல் கொடுத்ததில் பெயர் தெருவுக்கே தொற்றிக்கொண்டது. இப்போது பல் போன கிழவர்கூட "அண்ணி, மெத்துனு ஒரு ரொட்டி கொடுங்க" என்கிறார். அண்ணிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஊருக்கே அண்ணியாக இருந்தால் யாரையும் உரிமையோடு அதட்டலாம்.

கணவர் ரொட்டி சுடுகிறவர். தெரு தூங்கும்போது எழுந்து மாவு பிசைந்து, தெரு எழும்போது அடுப்பை அணைப்பார். காலையில் கடையைப் பார்த்துக்கொள்வது அண்ணி. மதியம் கதவைச் சாத்திவிட்டு இருவரும் சாப்பிடுவார்கள். கழுவிய கை காய்வதற்குள் அவர் உள்ளறையில் கட்டையைச் சாய்த்துவிடுவார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அந்த வீட்டில் சத்தம் கூடாது. அவர் போட்ட சட்டம் இல்லை அது, அண்ணி தனக்குத் தானே போட்டுக்கொண்டது. அனலில் நின்று வேலை செய்கிற மனுஷன், பகலிலாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்று குழாயைக்கூட நூல் மாதிரிதான் திறப்பாள்.

அந்த நேரத்தில்தான் அவள் கிட்டார் வாசிப்பாள். கடை வைத்திருப்பவளுக்கு வேறு நேரம் ஏது? கல்யாணத்துக்கு முன்பே வாசிக்கத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவரை எழுப்பாமல் வாசிக்கக் கற்றுக்கொண்டாள். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, விரலின் சதையால் மட்டும் கம்பியைத் தொடுவாள். பல வருஷம் இப்படிப் பழகி, அவள் வாசிப்பே அப்படி ஆகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தால் அவ்வளவு இதமாக இருக்கும். நாலடி தள்ளிப் போனால் ஒன்றும் கேட்காது.

ரொட்டிக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்லா இருக்கு என்றும் இல்லை, நல்லா இல்லை என்றும் இல்லை. தூங்குகிறவரிடம் என்ன கேட்பது என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனாலும் அது உள்ளே ஒரு முள்ளாகத்தான் இருந்தது. புதிதாக ஒரு பன் சுட்டால் அவள் ஒன்பது விதமாகப் பாராட்டுகிறாள் அல்லவா?

நாத்தனாருக்கு அந்தத் தெரு நூலகத்தில் வேலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாசிப்பறை மேசைகளை ஓரம் தள்ளி, நாற்காலி போட்டு, பாடத் தெரிந்தவர்களையும் வாசிக்கத் தெரிந்தவர்களையும் பிடித்து உட்கார வைப்பாள். போன மாதம் அண்ணி மாட்டினாள். மூன்றாவது பாட்டை வாசித்துக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பக்கத்து ஆளிடம் கேட்டார்.

"எப்பங்க ஆரம்பிப்பாங்க?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். அதுதான் இன்னும் வலித்தது. அண்ணியின் முகம் சுண்டிப் போய்விட்டது. அந்தப் பாட்டை எப்படியோ முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், இரண்டு நாள் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

நாத்தனார் விடுகிற ஆளா? இந்த மாதம் பிறந்ததுமே வந்து நின்றாள்.

"அண்ணி, இந்த மாசமும் நீங்கதான். ஒரு சின்ன ஆம்ப் வாங்கிடுங்க. கிட்டார்லேர்ந்து ஒரு வயரைச் சொருகினா போதும், சத்தத்தைப் பெருக்கிக் கொடுத்துடும்."

"எனக்குக் கத்தி வாசிக்கத் தெரியாதும்மா."

"நீங்க எதுக்குக் கத்தணும்? பெட்டி கத்தும்."

"அதுதான் எனக்குப் பயமே," என்றாள் அண்ணி. "என் கிட்டார் என் கிட்டாராவே கேக்கணும். அப்படி ஒரு பெட்டி கிடைச்சா வரேன். கிடைக்கலைன்னா இந்தச் சனிக்கிழமை மட்டுமில்ல, இனிமே எப்பவும் என்னைக் கூப்பிடக் கூடாது. நான் பாட்டுக்கு வீட்டுல வாசிச்சுக்கறேன்."

சொன்னால் சொன்னதுதான் என்பது நாத்தனாருக்குத் தெரியும். இரண்டு பன்னை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மதியம் அண்ணி கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினபோது, படுக்கப் போயிருக்க வேண்டியவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்க?"

"நானும் வரேன்."

"தூங்கலையா?"

"ஒரு நாள் தூங்கலைன்னா ரொட்டி கோவிச்சுக்குமா என்ன?"

இசைக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பது அண்ணியின் முடிவு. இருந்தாலும் தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறாரே என்று மனசு கொஞ்சம் குளிர்ந்தது. பெட்டியைத் தூக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

வாத்தியக் கடைக்காரர் காதில் பேனா செருகிய ஒல்லி மனிதர். கிட்டாரை வாங்கித் திருப்பி, அடிப்பக்கம் வயர் செருகும் ஓட்டையை எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அதில் எதையும் யாரும் செருகியதில்லை.

"உள்ள என்னங்க இது, சுண்ணாம்பா?"

"மாவு," என்றார் ரொட்டிக்காரர், தன் கைவேலையை அடையாளம் கண்டவராக.

கடைக்காரர் பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். கிட்டாருக்குள் செத்துக் கிடந்த பேட்டரியையும் மாற்றினார். பிறகு கறுப்பாக ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு, "எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க" என்றார். அண்ணி கம்பியைத் தொட்டாள். பெட்டி உறுமியது. மெல்லத் தொட்டால் மெல்ல உறுமியது.

"இது என்னைத் திட்டுது," என்றாள் அண்ணி.

"இது எலெக்ட்ரிக் கிட்டாருக்குன்னு செஞ்சதுங்க. அதுக்கு இந்தக் கரகரப்பு வேணும்," என்று கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது பெட்டியில் எதிரொலி சேர்க்க ஒரு திருகு இருந்தது. கடைக்காரருக்கு அதன் மேல் தனிப் பிரியம் போலிருக்கிறது, தாராளமாகத் திருகினார். ஒரு ஸ்வரம் போவதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் இடித்தது. கையை எடுத்த பிறகும் யாரோ வாசித்துக்கொண்டே இருந்தார்கள். சாமான் இல்லாத வீட்டில் உட்கார்ந்திருப்பது போல அண்ணிக்கு வெறிச்சென்று இருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மூன்றாவது விலையும் உயரம், ஆளும் உயரம். "கடைசி வரிசை என்ன, தெருமுனை வரைக்கும் போகும்" என்றார் கடைக்காரர். அண்ணியின் விரலுக்கு அது போதாமல் சத்தத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். திடீரென்று பெட்டி வீல் என்று அலறியது. ரொட்டிக்காரர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தே விட்டார்.

"கிட்டாரோட வாய் பெட்டிக்கு நேரா இருக்குல்ல, பெட்டியோட சத்தமே திரும்ப உள்ள போயிடுது. அதான் இப்படி அலறுது. கொஞ்சம் தள்ளித் திரும்பி உக்காருங்க மேடம்."

திரும்பி உட்கார்ந்ததும் அலறல் நின்றது. ஒவ்வொரு கம்பியும் பளிச்சென்று கேட்டது. குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் வாசிப்பது தான்தானா என்று அண்ணிக்குச் சந்தேகமாக இருந்தது. தகரத்தில் ஆணியால் எழுதுகிற மாதிரி ஒரு கூர்மை. 'இதுக்கு அந்தக் கண்ணாடிக் கடைக்காரருக்குக் கேக்காம இருக்கறதே மேல்' என்று நினைத்தாள். நாத்தனாரிடம் என்ன சொல்லலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் ரொட்டிக்காரர் கீழ்த்தட்டைக் காட்டினார்.

"அதோ, ரொட்டி டின் மாதிரி இருக்கே, அதைப் போடுங்களேன்."

பழுப்பு நிறம், தூசி, இரண்டே திருகு. "அது பழைய சரக்குங்க, யாரும் கேக்கறதில்ல" என்றார் கடைக்காரர். ரொட்டி டின் அளவில் இருப்பது ஒரு தகுதியா என்று அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. வயரை மாற்றிச் செருகி, தினமும் மதியம் முதலில் வாசிக்கிற பாட்டையே எடுத்தாள்.

வாசிக்கிறவளுக்கு ஒரு சங்கடம் உண்டு. மடியில் இருக்கிற கிட்டாரே காதை நிறைத்துவிடுவதால் பெட்டி வெளியே என்ன சொல்கிறது என்பது சரியாகப் பிடிபடாது. இது பரவாயில்லை போலிருக்கிறதே, ஆனால் தூரத்தில் எப்படிக் கேட்கிறதோ? கேட்டுச் சொல்லத்தான் கூடவே ஓர் ஆள் வந்திருக்கிறாரே என்று நிமிர்ந்து பார்த்தாள்.

ஆள், கடையின் மறுகோடியில் நாற்காலியில் தலையைச் சுவரில் சாய்த்து, வாயில் ஈ போவது தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கோபத்துக்கு அடியில் அழுகையும் இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக எதிரே உட்கார்ந்து கேட்கிறார், நாலு பாட்டுக்குத் தாங்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சும்மாவா சொன்னார்கள்?

கடைக்காரருக்கும் தர்மசங்கடம். "சார் களைச்சுப் போயிட்டாரு. நாம அந்த மூணாவதையே பாத்துடலாம் மேடம்," என்று தானே வயரை மாற்றினார். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து அதே பாட்டைத் தொடர்ந்தாள்.

ரொட்டிக்காரர் கண்ணைத் திறந்தார்.

"ஏன் நிறுத்திட்டே?"

"எங்க நிறுத்தினேன்? வாசிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இது இல்ல. நீ வாசிச்சியே, அது."

அண்ணியின் கை அப்படியே நின்றது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தப்பு செய்துவிட்டு அகப்பட்டவர் மாதிரி பேசினார்.

"உள்ள படுத்தா சுவர் வழியா வரும்ல, தினமும். அதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். போன மாசம் ரெண்டு நாள் நீ வாசிக்கலை. ரெண்டு நாளும் முழிச்சுக்கிட்டேதான் கிடந்தேன். மாவுல உப்புப் போட மறந்தது அதனாலதான்."

உப்பில்லாத ரொட்டிக்காகத் தெரு முழுக்கத் திட்டு வாங்கியது அண்ணிக்கு நினைவு இருந்தது.

"நான் உங்களை எழுப்பிடக் கூடாதுன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வாசிச்சேன்."

"நீ நிறுத்தினாத்தான் நான் முழிச்சுக்குவேன்."

"இதை ஒரு நாளாவது வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"சொன்னா எனக்காக வாசிக்க ஆரம்பிச்சுடுவே. அப்புறம் அதுவும் ஒரு வீட்டு வேலை ஆயிடும். ஏற்கெனவே உனக்கு அது நிறைய இருக்கு."

அண்ணி கிட்டாரின் மேல் இல்லாத தூசியைத் தட்டினாள். சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை. கடைக்காரர் பேனாவைக் காதிலிருந்து எடுத்து மறுபடி காதிலேயே வைத்தார்.

ஆனாலும் கடை நடத்துகிறவள் இல்லையா, எதையும் ஒரு தடவை சரிபார்க்காமல் விடமாட்டாள். "தூக்கக் கலக்கமாவும் இருக்கலாம். கண்ணை மூடுங்க," என்று கணவரை அதட்டினாள். கறுப்புப் பெட்டியில் வாசித்தாள். மூடிய கண்ணோடு அவர் நெற்றியைச் சுருக்கினார். எதிரொலிப் பெட்டியில் வாசித்தாள்; காலை ஆட்டிக்கொண்டிருந்தார். ரொட்டி டின்னில் வயரைச் செருகி அந்தப் பாட்டின் முதல் வரியைத்தான் முடித்திருப்பாள், ஆட்டின கால் நின்றுபோனது. இரண்டாவது வரியில் குறட்டை.

"எத்தனையோ பேர் ஆம்ப் வாங்கிட்டுப் போயிருக்காங்க," என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தி. "இப்படி ஒரு மிஷினை வச்சு டெஸ்ட் பண்ணினது நீங்கதான்."

"தூசியைத் துடைச்சுக் கொடுங்க," என்றாள் அண்ணி.

சனிக்கிழமை வந்தது. வாசிப்பறையில் நாத்தனார் போன தடவையைவிட இரண்டு வரிசை அதிகமாக நாற்காலி போட்டிருந்தாள். வம்புக்கென்றே செய்திருப்பாள். அண்ணி பெட்டியை ஒரு ஸ்டூலில் வைத்து, கிட்டாரின் வாய் அதற்கு நேராக இல்லாதபடி திரும்பி உட்கார்ந்தாள். ரொட்டிக்காரர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து அவள் காதருகே குனிந்தார்.

"நான் கடைசி வரிசையில இருக்கேன். கேட்டா கையைத் தூக்கறேன்."

"தூங்கிட மாட்டீங்களே?"

"மத்தியானம் முழுக்கத் தூங்கியாச்சு. போதாததுக்குக் கறுப்பு காபி வேற. இன்னிக்கு என்னை யாரும் சாய்க்க முடியாது."

அவர் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் யார் என்று பார்த்தால், அதே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

அண்ணி ஆரம்பித்தாள். நகம் படாமல், விரலின் சதையால், வீட்டில் வாசிப்பது போலவேதான் வாசித்தாள். முதல் வரிசையில் நாத்தனார் சிரித்தாள். அவள் பக்கத்தில் இருப்பவள், அவளுக்கு எப்போதும் கேட்கும். அண்ணி கடைசி வரிசையைப் பார்த்தாள். கை எழவில்லை. திருகை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கலாமோ? பாட்டு இரண்டாவது சுற்றுக்கு வந்துவிட்டது. கை எழவில்லை. போன மாதத்து வெட்கம் அப்படியே திரும்பி வந்தது. இந்தப் பாட்டோடு எழுந்து போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டே இன்னொரு தடவை பார்த்தாள்.

வெளுத்த சட்டை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தலை சுவரில் முட்டி நின்றது. வாய் திறந்துகொண்டது.

கண்ணாடிக் கடைக்காரர் அரைக்கண் மூடி, பாட்டுக்கு விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார். குறட்டை கேட்டதும் சங்கடப்பட்டு, பக்கத்தில் இருப்பவரை உலுக்கி எழுப்பக் கையை நீட்டினார்.

அண்ணி வாசிப்பை நிறுத்தாமல், வேண்டாம் என்று அவருக்குத் தலையை மட்டும் அசைத்தாள்.