பதிவேட்டின்படி விதவை

"உங்க வீட்டுக்காரர் தவறி ரெண்டு வருஷம் ஆச்சேம்மா" என்றார் மூன்றாம் சாளரத்துக் குமாஸ்தா. குரலில் அனுதாபம்கூட இருந்தது.

மருந்துக்கடைக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய வீட்டுக்காரர் பத்தடி பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, காகிதக் கோப்பையில் இருந்த காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அது தெரிந்தும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏங்க, கொஞ்சம் வாங்க. நீங்க செத்துட்டீங்களாம்."

"நானா? நேத்துதானே முடி வெட்டிக்கிட்டேன்" என்று எழுந்து வந்தார் அவர். லிஃப்ட் மெக்கானிக், எதையும் பதறாமல் எடுத்துக்கொள்கிற ஆள்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் இருவரும் வெளிநாட்டில் வேலை பார்த்தபோது, அந்த ஊர் நகரமன்றத்தில், கூட வேலை செய்த இரண்டு பேர் சாட்சியாக நிற்கக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அடுத்த வருடம் ஊர் திரும்பினார்கள். வெளிநாட்டில் நடந்த கல்யாணத்தை உள்நாட்டுப் பதிவேட்டில் ஏற்றினால்தான் இங்கே செல்லும் என்றார்கள். இதே அலுவலகத்தில் தாள்களைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு, பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். மருந்துச் சீட்டில் ஒரு எழுத்து பிசகினாலும் ஆளைத் திருப்பி அனுப்புகிறவள், தன் கல்யாணம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அவரைக் கம்பெனி மறுபடி வெளிநாடு அனுப்புகிறது. மனைவியை உடன் அழைத்துப்போகப் பதிவுச் சான்றின் நகல் வேண்டும். அதற்குத்தான் வந்தார்கள்.

குமாஸ்தா திரையைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயர், பிறந்த தேதி எல்லாம் சரி. கணவர் என்ற இடத்தில் முன்பின் கேள்விப்படாத ஒரு பெயர். பக்கத்தில் 'இறப்பு' என்று ஒரு தேதி.

"சாரோட நம்பரைச் சொல்லுங்க" என்று அதையும் தட்டிப் பார்த்தார். "இவர் உயிரோடதான் இருக்கார். கல்யாணமும் ஆகியிருக்கு. ஆனா..." அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சம்சாரம் வேற ஒருத்தங்க."

மருந்துக்கடைக்காரி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். முதல் தடவையாக அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

பழைய கோப்பு கிடங்கிலிருந்து வர அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் அவள் அவரை விட்டு ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருடத்தில் அவர் வீடு திரும்பத் தாமதமான நாட்களெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

பதிவாளர் அம்மாவே கோப்போடு வெளியே வந்தார். ஒரே நாளில், ஒரே வெளிநாட்டு நகரத்தில் கல்யாணம் செய்த இரண்டு ஜோடிகள் மனு கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு தாள், பெண்ணுக்கு ஒரு தாள். யாரோ தைக்கும்போது தாள்களை மாற்றித் தைத்துவிட்டார்கள். இணைத்திருந்த சான்றிதழ்கள் வேற்று மொழியில் இருந்ததால் ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை.

"எங்க தப்புதான். திருத்திடலாம். உயிரோட இருக்கிற மூணு பேரும் கையெழுத்துப் போடணும். அந்த அம்மாவுக்குத் தபால்ல அறிவிப்பு அனுப்புறோம்."

"அவங்க புருஷன் செத்தப்போ அவங்க இங்க வந்திருப்பாங்களே?"

பதிவாளர் அம்மா கோப்பின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "வந்திருக்காங்க. அவர் பேர்ல மனைவியா உங்க பேர் இருக்குன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அப்புறம் வரலை."

மருந்துக்கடைக்காரி எழுந்துவிட்டாள். "தபால் வேணாம். விலாசத்தைக் குடுங்க."

நான்கு மாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. கணவரைக் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டு ஏறினாள். கதவைத் திறந்தவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காக்கிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. தன் பெயரைச் சொன்னதும் அந்த முகம் கல்லாக இறுகியதை மருந்துக்கடைக்காரி பார்த்தாள்.

"நீதானா அது" என்றாள் ஓட்டுநர். "உள்ள வா. உன்னை ஒரு நாள் பாக்கணும்னுதான் இருந்தேன். எனக்கு முன்னாடியா, பின்னாடியா? எப்பக் கட்டிக்கிட்டான் உன்னை?"

"அவரை நான் பார்த்ததே இல்லைக்கா."

நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். நான்கு தாள்களின் நகலையும் மேசையில் பரப்பி, எது எதோடு சேர வேண்டும் என்று விரலால் காட்டினாள். ஓட்டுநர் குனிந்து பார்த்தாள். தாள்களை எடுத்து, தன்னுடையதையும் புருஷனுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிறகு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"அடக்கம் பண்ணிட்டு வந்த ஒன்பதாம் நாள் அங்க போனேன்" என்றாள். "வேற பொண்டாட்டி இருக்கான்னாங்க. அதுக்கு மேல அங்க நிக்க வெக்கமா இருந்துச்சு. வந்தேன், அவன் துணிமணியெல்லாம் அள்ளிக் குடுத்தேன். ஒரு படம் பாக்கி வைக்கல. பொண்ணு அப்பான்னு வாயெடுத்தா, உங்கப்பனுக்கு வேற குடும்பம் இருந்துச்சு, அந்தப் பேச்சு இந்த வீட்ல கூடாதுன்னேன். ரெண்டு வருஷமா நான் அவனைத் திட்டாத திட்டு இல்ல. செத்தவனால ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியுமா?"

அரை மணி நேரம் மட்டுமே சந்தேகப்பட்டவளால் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஓட்டுநர் தம்ளரை வாங்கினாள், குடிக்கவில்லை.

"நாலு மணிக்கு அவ வந்துடுவா. என்னன்னு சொல்லுவேன்?"

திருத்தம் முடிய ஐந்து மாதம் ஆயிற்று. மெக்கானிக் தனியாகத்தான் வெளிநாடு போக வேண்டியிருந்தது; கையெழுத்துக்காக ஒரு வார விடுப்பில் வந்தார். மூன்று பேரும் மேசைக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். தன் நகலை வாங்கிய ஓட்டுநர், புருஷன் பெயரை ஒரு தடவை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தப்பு உங்களுதுன்னு இதுல எங்க இருக்கு?"

"அப்படி எழுதுறதுக்கு நடைமுறை இல்லம்மா" என்றார் பதிவாளர் அம்மா. "திருத்தப்பட்டதுன்னு போட்டிருக்கு பாருங்க."

"என் பொண்ணுக்கு எட்டு வயசு. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. 'அப்பவும் நீதானேம்மா சொன்னே'ங்குறா."

மருந்துக்கடைக்காரி பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பதிவாளர் முன் நகர்த்தினாள்.

"நடைமுறை வேணாம். உங்க கையால ரெண்டு வரி எழுதுங்க."

பதிவாளர் அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதினார்: 'உன் அப்பாவுக்கு உன் அம்மாவைத் தவிர வேறு மனைவி இருந்ததில்லை. தவறு எங்கள் அலுவலகத்தில் நடந்தது.' கீழே கையெழுத்திட்டு, யாரும் கேட்காமலே முத்திரையும் குத்தினார்.

மை காயும்வரை ஓட்டுநர் அந்தத் தாளை மடிக்காமல் கையிலேயே ஏந்திக்கொண்டு நின்றாள்.