அவளுக்கு மட்டும் தடையுத்தரவு

பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த தூக்குமேடையைத் திறக்கலாம் என்று கோர்ட்டு சொன்ன நாளிலிருந்து தையல்காரிக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. தூக்குத் தண்டனைக் கைதிகளில் அவள் தம்பியும் ஒருவன். அந்தப் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். போன வாரம் அதே சிறையில் தூக்குக்குக் காத்திருந்த ரொட்டிக்கடைக்காரியின் மகனுக்குத் தடையுத்தரவு கிடைத்தது பாருங்கள், அன்றுதான் இவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. புத்தி பேதலித்தவனைத் தூக்கில் போடக் கூடாதாம். சட்டமாம்!

"அவ குடுத்து வச்சவ. மகனுக்குப் பைத்தியம் பிடிச்சுது, உயிர் மிஞ்சிச்சு" என்று தம்பிக்காக வாதாடும் வக்கீலம்மாவிடம் பொருமினாள். "என் தம்பி மட்டும் என்ன பாவம் பண்ணான்?"

"உங்க தம்பியும் சரியில்லம்மா. செத்துப்போன அப்பாவோட விடிய விடியப் பேசுறாராம், காவலர் சொன்னாரு. நாளைக்கு டாக்டர் பாக்குறாரு. அவர் எழுதிக் குடுத்தா நமக்கும் தடை கிடைக்கும். இதை விட்டா வேற வழியில்ல."

தையல்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப நானும் கூட இருப்பேன்."

"வேண்டாம்மா. உங்களப் பாத்தா எல்லாத்தையும் மறைப்பாரு."

"அவ மட்டும் மகன் பக்கத்துலயே உக்காந்திருந்தாளே! அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"அந்தப் பையனுக்குப் பெத்த அம்மாவையே அடையாளம் தெரியலம்மா."

அதெல்லாம் இவள் காதில் ஏறினால்தானே! அழுது, சண்டை போட்டு, அனுமதி வாங்கிவிட்டாள்.

சிறை மருத்துவ அறையில் தரையோடு திருகாணி போட்டு முடுக்கிய பெஞ்சு, துருப்பிடித்த எடை பார்க்கும் இயந்திரம். தம்பியைக் கூட்டி வந்தார்கள். கன்னம் ஒட்டி, கண் குழிக்குள் போயிருந்தது. அக்காவைப் பார்த்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். தாய் தகப்பன் இல்லாமல் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

"தூக்கம் வருதா?" என்றார் டாக்டர்.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன் சார்."

"அப்பாவோட பேசுறீங்களாமே?"

அவன் அக்காவை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தான். "அவர் செத்து எவ்வளவோ வருஷமாச்சே சார்."

"டேய், உண்மையச் சொல்லுடா!" அவள் அலறிவிட்டாள்.

"நடுவுல பேசாதீங்கம்மா" என்றார் டாக்டர்.

தம்பி எட்டி அவள் கையைப் பிடித்தான். "அழாதக்கா. எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்."

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.