கடிகாரம் கழற்றும் நாள்

சனிக்கிழமை கடைசி ட்ரிப் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சங்கிலி செய்கிற முதல் வேலை, கைக்கடிகாரத்தைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போடுவதுதான். திங்கட்கிழமை விடிந்தால்தான் அது வெளியே வரும். டவுன் பஸ் கண்டக்டருக்கு ஆறு நாளும் நிமிஷத்தோடுதான் மல்லுக்கட்டு. திருமங்கலத்தில் இரண்டு நிமிஷம் பிந்தினால் ஒத்தக்கடை வரைக்கும் வசவு. அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் வீட்டில் மணி என்று ஒன்று கிடையாது. சர்ச் மணி அடித்தால் ஆராதனை, பசித்தால் சோறு, கண் சொக்கினால் தூக்கம்.

அவன் மனைவி ஜெயக்கொடி இதில் அவனைவிடக் கறார். "கடவுள் ஒங்களுக்கு மட்டுந்தேன் லீவு விட்டாரா? எனக்கில்லையா?" என்று கல்யாணமான முதல் மாதமே கேட்டுவிட்டாள். சனிக்கிழமையே புளிக்குழம்பு வைத்து, சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவிடுவாள். மறுநாள் அடுப்புப் பற்றாது. ஞாயிற்றுக்கிழமை கறி வாசனை வராத ஒரே வேதக்கார வீடு என்று தெருவே கேலி செய்யும். செய்துவிட்டுப் போகட்டும் என்று இருவரும் பழைய சோற்றைக் குடித்துவிட்டு வேப்பமர நிழலில் பாயைப் போட்டுப் படுத்துவிடுவார்கள்.

இந்த நாள் சங்கிலிக்குச் சும்மா கிடைக்கவில்லை. அவன் அப்பா கருப்பு, மேலூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். உழவு மாட்டுக்காவது மழை பெய்தால் ஓய்வு உண்டு, அவருக்கு அதுவும் இல்லை. ஞானஸ்நானம் வாங்கிய மறுவாரமே பண்ணைக்காரர் முன்னால் போய் நின்று, "இனிமே ஞாயித்துக்கெழம வேலைக்கு வரமாட்டேங்க" என்றார். அடி விழுந்தது. அடுத்த ஞாயிறும் அவர் போகவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. கடைசியில் பண்ணைக்காரர்தான் ஓய்ந்துபோனார். சாகும்போது கருப்பு மகனிடம், "நான் சம்பாரிச்ச ஒரே சொத்து இதாண்டா" என்றார். காணி நிலத்தை விட்டாலும் விடலாம், இதை விடலாமா?

ஆனால் டிப்போவில் சங்கிலிக்குப் போட்டிருந்த வார லீவு புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை லீவு அவனுக்கு மூத்தவனான மொக்கையனுக்கு. திருமங்கலத்துக்காரன், அதே லைனில் ஓடுகிற கண்டக்டர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சங்கிலி தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டதும், மொக்கையன் காதில் செருகிய பீடியை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டே, "எடுத்துக்க தம்பி. எனக்குப் புதன் போதும். தீவாளி, பொங்கல், அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கி மட்டும் எனக்காக நீ ஏறிரு" என்றான். அவ்வளவுதான் பேச்சு. ஆறு வருஷமாக ஒரு ஞாயிறு தப்பவில்லை. சங்கிலிக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் மற்றவர்கள் கடையைத் திறக்க ஓடுவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான்.

எழுபத்தெட்டாம் வருஷம், அழகர் ஆற்றில் இறங்குகிற சித்திரா பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது.

"தம்பி, இந்த ஒரு ஞாயிறு மட்டும் எனக்கு வேணும்" என்றான் மொக்கையன். "போன வருசம் எம்மக முத்துத்தாய் காய்ச்சல்ல கெடந்தாள்ல? பொழச்சா அவளுக்கு மொட்ட போட்டு, நான் தோல்பையில அழகருக்குத் தண்ணி பீச்சுறேன்னு நேந்திருக்கேன்."

நியாயமாகப் பார்த்தால் அது மொக்கையனுடைய லீவு. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் கேட்கிறானே என்று நெகிழ்வதற்குப் பதிலாக, சங்கிலிக்குச் சொத்தில் பாதியைப் பிடுங்கியதுபோல் இருந்தது. டைம் கீப்பர் விருமாண்டியிடம் போய் வேறு ஆள் போட முடியுமா என்று கேட்டான். "அழகர் எறங்குற அன்னைக்கா? நானே சட்டையக் கழட்டிட்டு ஆத்துக்குப் போறேன், போவியா" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து, "வயித்து வலின்னு சொல்லிப் படுத்துட்டா என்ன?" என்றான்.

ஜெயக்கொடி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஓய்வுநாள ஒழுங்கா அனுசரிக்கப் பொய் சொல்லப் போறீகளா? நல்லாருக்கு."

சனிக்கிழமை அவன் கடிகாரத்தைக் கழற்றவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே படுத்தான், விடியுமுன் அதே முகத்தோடு பஸ் ஏறினான். வழியெல்லாம் அப்பாவையே நினைத்துக்கொண்டு போனான். அடி வாங்கி அவர் சேர்த்ததை மகன் ஒரு வார்த்தையில் கொடுத்துவிட்டானே.

பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. டிக்கெட் கிழித்துக்கொண்டே முன்னால் போனவனை, பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாள் தடுத்து நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கெழம கண்டக்டரு எங்கப்பா? நீ யாரு, புதுசா?"

"புதுசா? ஆறு வருசமா இந்த லைன்லதான் ஓடுறேன்."

"ஞாயித்துக்கெழம ஒன்னையப் பாத்ததே இல்லையே? மொக்கையந்தேன் வரும். என்னைய ஒச்சாயின்னு பேரு சொல்லிக் கூப்பிட்டு, கூடைய எறக்கிவிடும். தங்கமான மனுசன், பாவம். வீட்ல பிள்ள இருக்குற ஒரே நாளு, அன்னைக்கி வண்டியில ஏறிக்கிட்டுத் திரியிறாரு. ஏன்யா இப்படின்னு கேட்டா, 'யாரோ ஒரு வேதக்காரத் தம்பி சாமி கும்பிட்டுத் தூங்கணுமாம்ல ஆத்தா, தூங்கட்டும்'ம்பாரு."

சங்கிலி டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தான். காது சுட்டது. புதன்கிழமை முத்துத்தாய் பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்பது ஒரு நாள்கூட அவன் புத்தியில் உறைத்ததில்லை. வேப்பமர நிழலில் அவன் குறட்டை விட்ட ஒவ்வொரு ஞாயிறும், அந்தப் பிள்ளை அப்பா இல்லாமல் இருந்திருக்கிறது. சொத்து அப்பா சம்பாதித்ததுதான். அதை இத்தனை வருஷம் காவல் காத்தவன் வேறொருவன். அவனைப் பற்றி நினைக்கக்கூட நேரமில்லாமல் நன்றாக ஓய்வெடுத்திருக்கிறோம் என்று சங்கிலிக்கு வெட்கமாக இருந்தது.

ஆற்றங்கரைக் கோரிப்பாளையத்துக்கு இந்தப் பக்கமே பஸ் நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் தலைகள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "இனி சாமி நகந்தாத்தான் நம்ம நகரலாம்" என்று துண்டை உதறிக்கொண்டு நீர்மோர்ப் பந்தல் பக்கம் போனார். கூட்டம் கோவிந்தா போட்டபடி இறங்கி ஓடியது. சங்கிலி மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து அடிக்கொருதரம் மணி பார்த்தான். பத்து. பத்தே கால். பத்தரை.

பதினொன்றுக்கு, சொட்டச் சொட்ட நனைந்த வேட்டியும் தோளில் தோல்பையுமாக மொக்கையன் வந்து நின்றான். பக்கத்தில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு ஒன்பது வயது முத்துத்தாய். கையில் பொரிப் பொட்டலம்.

"வண்டி நம்பரப் பாத்தேன். நீயாத்தான் இருக்கும்னு வந்தேன்" என்றான் மொக்கையன். "நேத்திக்கடன் முடிஞ்சிருச்சு தம்பி."

"அண்ணே" என்று எழுந்தான் சங்கிலி. கடகடவென்று கொட்டினான். "இனிமே ஒரு ஞாயிறு நீங்க லீவு எடுங்க, மறு ஞாயிறு நான் எடுக்கிறேன். ஏறுற ஞாயிறு காலைல முதல் ஆராதனைக்குப் போயிட்டு மதியச் சிப்ட்ல வாரேன். பிள்ளையோட இருங்கண்ணே. எனக்கு இம்புட்டு நாளாத் தெரியாமப் போச்சு."

மொக்கையன் மகளின் மொட்டைத் தலையைத் தடவினான். தடவின கை அங்கேயே நின்றது. வேண்டாம் என்று ஒப்புக்குக்கூட அவன் சொல்லவில்லை. அதைப் பார்த்தபோதுதான் அவனுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கிறது என்று சங்கிலிக்குப் புரிந்தது.

"சரி தம்பி" என்றான் கடைசியில். "அது அடுத்த வாரக் கதை. இன்னைக்கி ஒன் நாளுல்ல? வண்டி கெளம்ப இன்னும் மூணு மணி நேரமாகும். பின்சீட்டு நீளமா இருக்கு, போய்ப் படு. நான் படியில ஒக்காந்துக்கிறேன்."

"டூட்டி நேரத்துல…"

"வண்டி ஓடாத நேரத்துல என்னய்யா டூட்டி? போடா."

முத்துத்தாய் கையை நீட்டினாள். சங்கிலி கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். பிறகு ஒரு நிமிஷம் நின்று, கைக்கடிகாரத்தையும் கழற்றி மொக்கையனின் ஈரக் கையில் வைத்தான். ஜன்னல் வழியே புங்கமரத்துக் காற்று வந்தது. ஆற்றுப் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்து, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, மொக்கையன் குடும்பத்துக்காகவும் ஜெபித்தான். ஆறு வருஷத்தில் அந்தக் குடும்பத்துக்காக அவன் செய்த முதல் ஜெபம் அதுதான். பாதியிலேயே தூங்கிப்போனான்.

எவ்வளவு நேரம் தூங்கினான் என்று அவனுக்குத் தெரியாது. கடிகாரம் மொக்கையனிடம் இருந்தது.