கைக்கு ஏற்ற பிரேக்

யஷ்வந்துக்கு வந்திருப்பது என்ன நோய் என்று டாக்டர் சொன்ன மறுநாளே அவன் சைக்கிள் ஃபிரேமுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். பீளமேட்டு வீட்டு வாசலில் அந்த நீளமான அட்டைப்பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் அவன் மனைவி மௌனிகாவுக்கு விஷயமே தெரிந்தது. இடைப்பட்ட நாட்களில் அவள் ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் ஸ்கூட்டரில் ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுது முடித்துக்கொண்டிருந்தாள். அவன் என்னடாவென்றால் பார்சல் வருகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். தசைகளை இயக்குகிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். வலது கையில் தொடங்கியிருக்கிறது. அப்புறம் இடது கை, கால், கடைசியில் மூச்சு. மாத்திரை அந்த வேகத்தைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவுதான். சட்டைப் பொத்தான் போட வரவில்லை, கழுத்து எலும்புத் தேய்மானமாக இருக்கும் என்று நினைத்துப் போனவன் யஷ்வந்த். முப்பத்தாறு வயது. பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலமலைக்கோ ஆனைகட்டிக்கோ கிளம்பிவிடுகிறவன்.

"இது எதுக்குங்க இப்போ?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒரு ஹார்டெயில் கட்டோணும்னு எத்தனை வருசமா சொல்லிட்டிருக்கேன். இப்பக் கட்டாம எப்பக் கட்டறது, மௌனி?"

அவள் கத்தரிக்கோலை எடுத்துவந்து பெட்டியைப் பிரித்துக் கொடுத்தாள்.

ஹார்டெயில் என்பது கல்லிலும் வேரிலும் ஏறி இறங்குகிற மலைச் சைக்கிள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் மட்டும் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஷாக் இருக்கும். பின்பக்கம் வெறும் இரும்புதான். கடையில் முழுசாகவே கிடைக்கும். ஆனால் யஷ்வந்த் ஒவ்வொரு பாகத்தையும் தானே பார்த்துப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும் என்று நின்றான். சாய்பாபா காலனியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ரிஃபத் சாயங்காலம் வந்துவிடுவான். இரண்டு பேரும் பல வருடங்களாகச் சேர்ந்து மலை ஏறியவர்கள். ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டீல் ஃபிரேம் வாங்கியது சரியா, அலுமினியமே வாங்கியிருக்கலாமா என்று சண்டை போடுவார்கள். ஸ்டீல்தான் கையை அதிரவிடாது என்பான் யஷ்வந்த். சக்கரம் எந்த அளவு, டயர் எத்தனை அகலம், ஹேண்டில்பார் எவ்வளவு நீளம் என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அவன் முகத்தில் நோய் இருக்காது. அதற்காகவே மௌனிகா மூன்று பேருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்து கூடவே உட்கார்ந்திருப்பாள்.

மாமியார் பங்காரம்மாவுக்கு மட்டும் தாங்கவில்லை. காரமடை ரங்கநாதர் கோயிலுக்குப் போய்விட்டு வந்த அன்று, தீர்த்தத்தை மகன் வாயில் ஊற்றிவிட்டுச் சமையலறைக்குள் வந்து மருமகள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயாச்சும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அம்மணி? சோத்தைப் பிசையவே என்ற பையனுக்குக் கை வரமாட்டேங்குது. அவனுக்கு எதுக்கு சைக்கிளு?"

"வேண்டான்னு சொன்னா அப்புறம் என்ன பண்ணுவாருங்க அத்தை? சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு."

பங்காரம்மா கையை விட்டுவிட்டு மகனுக்குச் சோறு பிசையப் போனார்.

பாகங்கள் வர வாரங்கள் ஆயின. ஃபோர்க் எங்கேயோ துறைமுகத்தில் கிடந்தது. நோய் எங்கும் நிற்கவில்லை. எந்தக் கைக்கு என்று ஒரு பாகத்தை வாங்கினார்களோ, அது வந்து சேரும்போது அந்தக் கை போயிருந்தது. முதலில் இடது கைக்கு ஒரு கட்டைவிரல் லீவர் வாங்கினான். அதை அழுத்தினால் இறக்கத்தில் சீட் தானாகக் கீழே இறங்கும். அது வந்தபோது அந்தக் கட்டைவிரலுக்கும் நடுக்கம் வந்திருந்தது. திருப்பி அனுப்பினார்கள். முன்பக்கம் ஒரே பல்சக்கரம் போதும், மாற்றுகிற கியரெல்லாம் பின்னால் இருந்தால் ஒரு கை வேலை மிச்சம் என்றான். அப்படியே வைத்தார்கள்.

பிரேக்தான் அவர்களைப் படுத்தியெடுத்தது. முதலில் வாங்கிய, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக் ஒரு விரலால் இழுத்தாலே பிடிக்கும் என்று ரிஃபத் சத்தியம் செய்தான். வந்த அன்று யஷ்வந்த் வலது கை விரல்களை லீவர்மேல் வைத்தான். அவை வைத்தபடியே கிடந்தன. பரவாயில்லை, முன் பிரேக்கை இடது கைக்கு மாற்றிவிடலாம் என்றான். பிறகு இரண்டு சக்கரத்தையும் ஒரே லீவரில் இழுக்கிற மாதிரி ஒரு பிரேக் இருப்பதைக் கண்டுபிடித்தான். ஒரு கை மட்டுமே வேலை செய்கிறவர்களுக்காகச் செய்தது. ஜெர்மனியிலிருந்து வர வேண்டும்.

"அது வர்றதுக்குள்ள இந்தக் கை எங்கயும் போயிராது" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினான். தோள் வரைதான் தூக்க முடிந்தது.

இதற்குள் ஸ்பேனர் மௌனிகாவின் கைக்கு வந்துவிட்டது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வான், அவள் தரையில் உட்கார்ந்து மாட்டுவாள். எந்தத் திருகுக்கு கிரீஸ், எதற்குப் பசை, எவ்வளவு முறுக்கினால் போதும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. ஒருநாள் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மில் போல்ட்டைக் கோணலாக ஏற்றிவிட்டாள். மரை கடித்துக்கொண்டது.

"கொஞ்சம் மூளையோட பண்ணு மௌனி. இதுகூடத் தெரியலியா? நானாயிருந்தா ரெண்டு நிமிசத்துல முடிச்சிருப்பேன்."

"அப்ப நீங்களே பண்ணிக்கோங்க."

ஸ்பேனரைத் தரையில் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னால் நின்றாள். இந்தச் சைக்கிள் யாருக்கு என்று உரக்கக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. இதில் இவன் ஏறப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும், ரிஃபத்துக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். இன்றைக்குக் கேட்டேவிடுவது என்று திரும்பி வந்தாள்.

அவன் நாற்காலியிலிருந்து சரிந்து தரைக்கு வந்திருந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஸ்பேனரை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அது நழுவி நழுவி ஓடியது. அவள் வந்ததை அவன் கவனிக்கவில்லை. மௌனிகா நின்று பார்த்தாள். பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்து, கெட்டுப்போன போல்ட்டைப் பின்பக்கமாகத் திருகிக் கழற்றத் தொடங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக்கோ" என்றான் அவன்.

ஃபோர்க்கும் அந்த ஒற்றை லீவர் பிரேக்கும் வந்து எல்லாம் மாட்டி முடிந்தபோது ஆடி மாதம். ரிஃபத் பிரேக்குக்கு எண்ணெய் ஏற்றிக் கொடுத்தான். கடைசி வேலை ஃபோர்க்குக்குக் காற்று அடிப்பது. ஓட்டுகிறவர் ஏறினதும் ஃபோர்க் தான் அமுங்கக்கூடிய தூரத்தில் கால்பங்கு அமுங்க வேண்டும்; ஆளின் எடையைப் பார்த்து அதற்குத் தகுந்த காற்று, எத்தனை கிலோவுக்கு எவ்வளவு என்று ஃபோர்க்கிலேயே அட்டவணை ஒட்டியிருக்கும். எவ்வளவு அமுங்கியது என்று காட்ட ஃபோர்க் தண்டில் ஒரு ரப்பர் வளையம் உண்டு.

"எழுபத்தஞ்சு கிலோவுக்கு வை" என்றான் யஷ்வந்த்.

மௌனிகா சின்னப் பம்பை மாட்டி அடித்தாள். ரிஃபத் அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிச் சைக்கிளில் ஏற்றினான். அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து பார்த்தால் வளையம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"புது ஃபோர்க்கு. டைட்டா இருக்கும். கொஞ்சம் இறக்கு."

இறக்கினாள். மறுபடியும் ஏற்றினார்கள். வளையம் ஒரு நூல் நகர்ந்தது. மறுபடியும் இறக்கினாள். பம்பின் முள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை ஏறினபோது வளையம் சரியான இடத்தில் வந்து நின்றது.

"இப்ப எத்தனை கிலோவுக்கு இருக்குது?"

ரிஃபத் வேறு பக்கம் பார்த்தான். மௌனிகாவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "அம்பத்தெட்டுங்க" என்றாள்.

அவன் தலையாட்டினான். அன்றைக்கும் மறுநாளும் அவன் சாப்பிடவில்லை. பங்காரம்மா ரசம் சாதத்தைக் கரைத்துக்கொண்டு போய் நின்றபோது வாயை இறுக மூடிக்கொண்டான். உண்மையைச் சொல்லி என்ன கண்டோம் என்று மௌனிகா தன்னையே நொந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு அவனே கேட்டான். "ஒருக்கா மண்ணுல ஓட்டோணும். ரிஃபத்தை வரச்சொல்லு."

தடாகத்தில் ரிஃபத்துக்குத் தெரிந்த காளிச்சாமி என்பவரின் காட்டில் சோளத்தட்டு அறுத்து நிலம் சும்மா கிடந்தது. காரில் கூட்டிப்போனார்கள். மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. ஹெல்மெட் வாரை மௌனிகா மாட்டிவிட்டாள். அவன் கால்களைப் பெடலில் வைத்து, இடது கை விரல்களை லீவர்மேல் ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு மெல்லத் தள்ளினார்கள். செம்மண் பொதபொதவென்று இருந்தது. கால்கள் எப்படியோ சுற்றின. அவன் சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவள் அந்தச் சிரிப்பைக் கேட்டாள்.

"விடுங்க" என்றான்.

"வேண்டாங்க."

"விடு மௌனி. கெஞ்சிக் கேக்கறேன்."

ரிஃபத் அவளைப் பார்த்தான். அவள் கையை எடுத்தாள். அவனும் எடுத்தான்.

சைக்கிள் தானாகப் போயிற்று. நிலம் லேசாக இறங்கியது, வேகம் கூடியது. முன்னால் வரப்பு. மௌனிகா கூடவே ஓடினாள். "பிரேக்குங்க, பிரேக்கைப் புடிங்க" என்று கத்தினாள். ஓடிக்கொண்டே அவன் கையைப் பார்த்தாள். நான்கு விரல்களும் அவள் வைத்த மாதிரியே லீவர்மேல் கிடந்தன. ஒரு விரல்கூட இறுகவில்லை. முன்சக்கரம் வரப்பில் முட்டி அவன் பக்கவாட்டில் விழுந்தான்.

அடி பெரிதாக இல்லை. முழங்கையில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் கையை ஊன்றி எழ முடியாமல் மண்ணில் கன்னத்தை வைத்துக் கிடந்தான். கண்ணிலிருந்து நீர் ஓடி மண்ணில் இறங்கியது. துடைக்கக் கை வரவில்லை. மௌனிகா துடைத்தாள், மண்தான் முகமெல்லாம் பரவியது.

"நான் புடிச்சேன்" என்றான். நாக்கு கொஞ்சம் குழறியது. "புடிச்சேன் மௌனி. நிக்கலை."

அவள் ரிஃபத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாங்க, புடிச்சீங்க. நான் பாத்தேன். ரிஃபத் அண்ணா, பிரேக் எண்ணெய்க்குள்ள காத்து நின்னு புடிக்காமப் போயிருக்கும் போல இருக்குதுங்களே."

ரிஃபத் கீழே கிடந்த சைக்கிளின் லீவரை ஒருமுறை இழுத்தான். கல் மாதிரி இறுகிப் பிடித்தது. "ஆமாங்க சிஸ்டர்" என்றான். "தொளதொளன்னு இருக்குது. என் மேலதான் தப்பு. மறுக்கா எண்ணெய் ஏத்தி காத்தை எடுக்கோணும்."

யஷ்வந்த் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பம்பும் குழாயும் எண்ணெயும் காற்றுமாகப் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன். கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலை அவனே சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றச் சொன்னான். ரிஃபத் ஊசிக்குழல் இரண்டும் எண்ணெயும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஒரு குழலைச் சக்கரத்தின் பக்கம் மாட்டி, ஒன்றை லீவரின் பக்கம் மாட்டி, கீழிருந்து எண்ணெயைத் தள்ள வேண்டும். உள்ளே காற்று இருந்தால் குமிழி குமிழியாக மேலே வரும். மௌனிகா தள்ளினாள். கண்ணாடிபோல் தெளிந்த எண்ணெய் ஏறி வந்தது.

"வருதா?" என்று நாற்காலியிலிருந்து கேட்டான்.

"வருதுங்க. சின்னச் சின்னதா."

அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மேல் குழல் நன்றாகவே தெரிந்தது. ஒரு குமிழியும் இல்லாத அந்த எண்ணெயை அவன் வெகுநேரம் பார்த்தான்.

"இன்னும் இருக்கும்" என்றான். "நிறுத்தாத. மறுபடியும் தள்ளு."

அவள் மறுபடியும் தள்ளினாள்.